லிலியைப் பற்றி யாரும் கதைக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஃபெம் ஃபடால்’ படத்தின் முழுக் கதையும் முடிவும் இந்தப் பதிவில் வரும். பிரையன் டி பால்மா எழுதி இயக்கி 2002இல் வெளிவந்த படம் அது. பார்த்தவர்கள் சண்டை பிடிப்பதெல்லாம் அந்த முடிவை வைத்துத்தான் என்பதால், அதை மறைத்துக்கொண்டு உருப்படியாக எதையும் கதைக்க முடியாது. பார்க்க நினைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளோடும் மாமா மாமியோடும் இருந்து பார்க்கிற படம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நான் திருகோணமலையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். ஆவணியிலும் தையிலும் தலை நிமிர நேரமிருக்காது. மாரி இறங்கினால் வேலை குறைந்துவிடும், மார்கழியில் கல்யாணமே இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவதும் நின்றுவிடும். அந்த மாதங்களில் எங்கள் சின்ன வட்டத்துக்குள் படங்கள் கைமாறும். ஸ்டூடியோ நடத்துகிற அண்ணா, அவருடைய மனைவி (எனக்கு அண்ணி), டிரோன் பறக்கவிடுகிற தம்பி, அலஸ்தோட்டத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு சேர், கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்துபோகிற என்னுடைய தாதி நண்பி. வழக்கமாக மேல்மாடி அறையில், மண்டபத்துக்குக் கொண்டுபோகிற புரொஜெக்டரைப் போட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். இந்தப் படத்தை அப்படிப் பார்க்க முடியாது என்பது தெரிந்ததுதான். பென் டிரைவ் கைமாறியது. அவரவர் வீட்டில், காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. முதலில் வாய் திறக்கிறவர் அந்தக் காட்சியைப் பற்றிக் கதைக்க வேண்டிவருமே என்று எல்லோருக்கும் ஒரு கூச்சம்.

அந்தக் காட்சி எது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கதை கான் திரைப்பட விழாவில் தொடங்குகிறது. சிவப்புக் கம்பளம், கமராக் கூட்டம். உள்ளே ஓடுவது ரெஜிஸ் வார்னியே இயக்கிய உண்மையான பிரெஞ்சுப் படம். வார்னியேயும் நடிகை சாந்திரின் பொனேரும் தாங்களாகவே வந்துபோகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வெரோனிக்கா என்ற ஒருத்தி உடம்பைச் சுற்றி ஒரு தங்கப் பாம்பை அணிந்து வருகிறாள். மேலுடம்பில் துணி என்று சொல்ல ஒன்றுமில்லை, வைரம் பதித்த பாம்பு மட்டும்தான். கதைப்படி அதன் விலை ஒரு கோடி டொலர். லோர் என்ற திருடி, படம் பிடிக்கிறவளாக வேடமிட்டு, வெரோனிக்காவைப் பெண்கள் கழிவறைக்குள் அழைத்துப்போகிறாள். அங்கே அவளை மயக்கி, பாம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி நிலத்தில் போடப்போட, கூட்டாளி ஒருவன் போலி நகையை வைத்துவிட்டு அசலை எடுக்கிறான். ஏறத்தாழ வசனமே இல்லாமல் நீளமாகப் போகிற காட்சி. பின்னால் ரியூச்சி சகமோட்டோவின் இசை. ரவேல் 1928இல் எழுதிய ‘பொலேரோ’வின் சாயலில், ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்து, மெல்ல மெல்ல ஏறி, நம்முடைய மூச்சையும் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற இசை.

தொழிலாக எடிட் பண்ணுகிறவளாகச் சொல்கிறேன், அந்தப் பகுதியை வெட்டியிருக்கிற விதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எத்தனை பேர், எத்தனை இடம்! மண்டபத்துக்குள் ஓடுகிற படம், கட்டுப்பாட்டு அறையில் மின்சாரத்தில் கைவைக்கிறவன், கழிவறை வாசலில் காவல்காரன், உள்ளே இரண்டு பெண்கள், நிலத்தில் நகை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. இரண்டு கமரா வைத்துத் தாலி கட்டுகிற நேரத்தை எடுத்துவிட்டு, பெண்ணின் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று தேடிக்கொண்டிருக்கிற எங்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஒரு கிழமை கழித்துக் கருத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பற்றி வந்த கருத்துகளும் பெரும்பாலும் இதே நாலைந்து வகைதான். 3.5 கோடி டொலர் செலவில் எடுத்த படம், வசூல் அதில் பாதிக்குக் கிட்டத்தான் வந்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரம், அதாவது தன்னிடமிருந்த முழு நட்சத்திரத்தையும் கொடுத்தார். குப்பை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. வருடங்கள் போகப்போக, தேடிப்பிடித்துப் பார்த்து மெச்சுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அண்ணா கோபமாக இருந்தார். “ரெண்டு மணித்தியாலம் இருந்து பாத்தா, கடைசியில கனவாம். எங்களை முட்டாள் எண்டு நினைச்சிட்டான்” என்றார். அண்ணிக்கு வேறு கோபம். “அந்தக் கழிவறைச் சீனை ஒரு பொம்பிளை எடுத்திருந்தா இப்பிடி எடுத்திருக்க மாட்டா. இது ஆம்பிளையளுக்காக ஆம்பிளை எடுத்தது” என்று அடித்துச் சொன்னார். கணக்கு சேருக்குத் தற்செயல்களை ஏற்க முடியவில்லை. ஒரே தெரு, ஒரே லொறி, ஒரே நொடியில் மேகம் விலகுகிற சூரியன். இப்படி நடக்க நிகழ்தகவு பூச்சியத்துக்குக் கிட்ட என்றார். தம்பிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தியெரி ஆர்போகாஸ்டின் ஒளிப்பதிவையும், படத்தில் வருகிற புகைப்படக்காரன் பார்டோ தன் பல்கனியிலிருந்து துண்டு துண்டாக எடுத்த போட்டோக்களை ஒட்டி ஒரு முழுத் தெருவையே சுவரில் உருவாக்குவதையும் பற்றியே இரவு முழுக்க வொயிஸ் மெசேஜ் அனுப்பினான். கனடாவில் இருக்கிற என் மச்சாள் அந்த நாளிலேயே தியேட்டரில் பார்த்தவள். “வடிவான படம், ஆனா மண்டைக்குள்ள ஒண்டுமில்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

இவ்வளவு பேர் கதைத்தார்கள். ஒருவர்கூட லிலியின் பெயரைச் சொல்லவில்லை.

லிலி யார் என்று பார்ப்போம். திருட்டு முடிந்ததும் லோர் கூட்டாளிகளை ஏமாற்றி வைரங்களோடு பாரிஸுக்கு ஓடிவிடுகிறாள். அங்கே ஒரு வயதான தம்பதி அவளை லிலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே முகம், இரண்டு பேராகவும் நடிப்பது ரெபெக்கா ரோமேன். லிலி, கணவனையும் பிள்ளையையும் இழந்து, எங்கே போனாள் என்று தெரியாமல் இருந்தவள். லோர் அவளுடைய வீட்டுக்குள் வந்துசேர்கிறாள், குளியல்தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி இறங்கிப் படுக்கிறாள், கண் அயர்கிறாள். அப்போது உண்மையான லிலி வீட்டுக்கு வருகிறாள். துப்பாக்கியை எடுக்கிறாள். லோர் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. லிலி இறந்துபோகிறாள். லோர் அவளுடைய கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறாள்.

அதிலிருந்து 7 வருடம் தள்ளிக் கதை ஓடுகிறது. லோர் இப்போது அமெரிக்கத் தூதுவரின் மனைவி, பாரிஸுக்கே திரும்பி வருகிறாள். அன்டோனியோ பண்டேராஸ் நடித்த பார்டோ என்ற புகைப்படக்காரன் அவளுடைய முகத்தைப் படமெடுத்து ஊருக்குக் காட்டிவிடுகிறான். பழைய கூட்டாளிகள் மோப்பம் பிடிக்கிறார்கள். கடத்தல் நாடகம், மதுச்சாலையில் ஆட்டம், படுக்கை, பணம், கொலை. கடைசியில் கூட்டாளிகள் அவளைப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் தூக்கி எறிகிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கி மேலே வருகிறவள், லிலி வீட்டுக் குளியல்தொட்டியில் தலையைத் தூக்குகிறாள். 7 வருடக் கதை முழுவதும் கனவு. அதே நேரம் வாசலில் லிலி வரும் சத்தம் கேட்கிறது.

இந்த முறை லோர் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறாள்.

எனக்குப் படம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கான், பாம்பு, கழிவறை, வைரம் எல்லாம் இந்தக் கதவுவரை எங்களைக் கூட்டிவருவதற்கான வழி. முதல் தடவை லோர் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று செய்தது என்ன? படம் பார்த்தாள். நாங்கள் கட்டிலில் படுத்துக்கிடந்து செய்த அதே வேலை. ஒரு பெண்ணுக்கு நடக்கிற கொடுமையை ஒளிந்திருந்து, மூச்சுக்கூட விடாமல், முடிவு என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டி பால்மா தன் படங்களில் ஒளிந்து பார்க்கிறவர்களையே காட்டிக்கொண்டு வந்தவர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சரிதான். இந்தப் படத்தில் அப்படி ஒளிந்து பார்த்தவள் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காட்சிக்குள் இறங்கி, மற்றவளின் கையைப் பிடிக்கிறாள். உன் எதிர்காலத்தை நான் பார்த்துவிட்டேன், விமானத்தில் உனக்குப் பக்கத்தில் ஒரு நல்ல மனிதன் இருப்பான், போ என்று அனுப்பிவைக்கிறாள். ‘கனவுதானே’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அண்ணாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. எத்தனையோ படங்களில் கதையை முடிக்க வழி தெரியாமல் எல்லாம் கனவு என்று கையைக் கழுவியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கனவு, நடந்த எதற்கும் விளைவு இல்லாமல் பண்ணிவிடும். இங்கே நடப்பது நேர் எதிர். கனவுக்குத்தான் விளைவு இருக்கிறது. அந்தக் கனவு வராவிட்டால் லிலி செத்திருப்பாள், லோரும் ஒருநாள் ஆற்றில் மிதந்திருப்பாள்.

அத்தோடு படம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அண்ணாவுக்கு மேசையில் இருந்து டைம்லைனில் ஓடவிட்டுக் காட்டினேன். கனவு தொடங்கிய பிறகு மணிக்கூடுகளைப் பாருங்கள். இடம் மாறினாலும், ஆள் மாறினாலும், 3:33. லிலி வீட்டில் மீன்தொட்டி நிரம்பி வழிகிறது. குளியல்தொட்டித் தண்ணீர் காதுக்குள் போக நித்திரை கொள்கிறவளுக்கு வேறு எப்படிக் கனவு வரும்? தெருச் சுவர்களில் தண்ணீருக்குள் கிடக்கிற பெண்ணின் படத்தோடு போஸ்டர்கள். நடந்து முடிந்ததையே திரும்பக் காண்கிற உணர்வைத்தான் அந்தப் போஸ்டரின் பிரெஞ்சுச் சொற்களும் சொல்கின்றன. இவ்வளவையும் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டார். நாங்கள் ரோமேனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு அவர் என்ன செய்வது? அண்ணா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “மணிக்கூடு சரி, ஆனா படம் பாக்கிறவன் மணிக்கூட்டையா பாப்பான்?” என்று கேட்டுவிட்டு ஆல்பம் ஒட்டப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொன்னால் கழிவறைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அண்ணியின் குற்றச்சாட்டு எனக்கு இலேசாகத் தள்ளிவிடக்கூடியது இல்லை. நானும் ஒரு பெண். கல்யாண வீடியோக்களில் கமரா எங்கே போய் நிற்கிறது என்று வருடம் முழுக்கப் பார்க்கிறவள். பொம்பிளையின் முகத்தில் இருப்பதைவிட அட்டியலிலும் தாலிக்கொடியிலும் அது நிற்கிற நேரம் கூட. எத்தனை பவுண் என்று சொந்தக்காரர் எண்ணட்டும் என்று வீட்டுக்காரரே குளோசப் கேட்பார்கள். உடம்பையும் தங்கத்தையும் சேர்த்துப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வெரோனிக்காவின் பாம்பு அதே பார்வையைத்தான் கூப்பிடுகிறது. இது ஆண் எடுத்த காட்சி என்பதிலும், ஆண் கண்ணை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்து எடுத்த காட்சி என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் கடைசியில் தெரியவருவதை வைத்து அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். 7 வருடம் கழித்து, நிஜத்தில், ஒரு தெருவோரக் கஃபேயில் லோரும் வெரோனிக்காவும் சந்தித்துக் கதைக்கிறார்கள். வெரோனிக்கா ஏமாந்தவளே இல்லை, தொடக்கத்திலிருந்தே லோரின் பங்காளி. அப்படியென்றால் கழிவறையில் நடந்தது யாருக்காக நடித்த நாடகம்? நிலத்தில் கைநீட்டிக் காத்திருந்த கூட்டாளிக்காக. அவனோடு சேர்த்து எங்களுக்காகவும். மயக்கப்பட்டவள் வெரோனிக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தோம், மயங்கியது நாங்கள். அந்த மோகக் காட்சியைத் தூக்கிவிட்டால் திருட்டே நடக்காது, கதையும் இல்லை. இதை அண்ணியிடம் சொன்னபோது, “அப்ப அவளவை ரெண்டு பேரும் சேந்துதான் அவனுக்குக் காட்டினவளவையா?” என்று கேட்டு, கொஞ்சம் யோசித்து, “எண்டாலும் நீளம் கூட” என்றார். மதுச்சாலை ஆட்டத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லியிருந்தால் உடனே ஒத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படத்தின் முதல் சட்டத்தைக் கவனித்தவர்கள் குறைவு. ஹோட்டல் அறையில் லோர் தொலைக்காட்சி பார்க்கிறாள். ஓடுவது பில்லி வைல்டர் 1944இல் எடுத்த ‘டபுள் இன்டெம்னிட்டி’. ஒரு பெண் ஆணை மயக்கிக் கொலைக்குள் இழுத்து, கடைசியில் தானும் குண்டுபட்டுச் சாகிற கதை. லோரின் முகம் அந்தக் கண்ணாடியில் நிழலாக விழுந்து, திரையில் இருக்கிற பெண்ணோடு கலந்து தெரிகிறது. பிறகு குளியல்தொட்டியில் வருகிற கனவு எந்தக் கதையில் ஓடுகிறது? அதே கதையில். ஆணை மயக்குகிறாள், ஏமாற்றுகிறாள், சுடுகிறாள், சாகிறாள். மதுச்சாலையில் ஆடுகிறபோது அவள் ஆடுவது, பழைய படங்கள் தன்னைப்போன்ற பெண்ணுக்கு எழுதிவைத்த வேடத்தைத்தான். அதனால்தான் அந்த நடுப்பகுதியில் எல்லோரும் கொஞ்சம் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். விழித்ததும் அந்த வேடத்தைக் கழற்றிவிட்டு வேறு ஒரு முடிவுக்கு நடக்கிறாள். மச்சாளுக்கு இதைத்தான் எழுதினேன். மண்டைக்குள் நிறையவே இருக்கிறது, அழகுக்குப் பின்னால் நிற்பதால் தெரியவில்லை என்று.

படத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. கடத்தல் நாடகம் இழுக்கிறது. பார்டோவின் மனம் மாறுகிற இடம் சட்டென்று வந்து சட்டென்று போகிறது, பண்டேராஸ் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரத்துக்கு ஒட்டவே ஆளில்லை. பீட்டர் கயோட்டி நடித்த தூதுவர் நல்லவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூட்டாளிகளில் முக்கியமானவன், எரிக் எபுவானே நடித்த பாத்திரம், கறுப்பினத்தவன். அவனுக்குப் படம் கொடுத்திருப்பது கோபமும் அடியும் மட்டும்தான். இவ்வளவு நுணுக்கமாக யோசித்த ஒருவர் அதையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். இது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

கணக்கு சேரின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மழைக்கோட்டோடு ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, பேப்பரில் கோடு போட்டுக் கதைத்தோம். நிஜத்தில் நடப்பதை வரிசையாக எழுதினேன். லிலி பிழைக்கிறாள். பிழைத்ததால் விமான நிலையத்துக்குப் போக ஒரு லொறியில் ஏறுகிறாள். ஏறியதால் அந்தச் சாரதியிடம் தன்னுடைய கண்ணாடி உருண்டைப் பதக்கத்தைக் கொடுக்கிறாள். கொடுத்ததால் அது 7 வருடம் அந்த லொறியின் முன்கண்ணாடியில் தொங்குகிறது. கூட்டாளிகள் பழிவாங்க வந்து வெரோனிக்காவைப் பிடிக்கிற நேரம் வெயில் அந்த உருண்டையில் பட்டுச் சாரதியின் கண் கூசுகிறது, லொறி விலகி அந்தக் கூட்டாளிகள் இருவரையும் அடிக்கிறது. கனவில் வெரோனிக்காவைக் கொன்ற அதே லொறி. சேர், இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? லிலி உயிரோடு இருந்ததால்தானே அந்தப் பதக்கம் அங்கே இருந்தது?

சேர் பேப்பரை நிறைய நேரம் பார்த்தார். “பதக்கம் அங்க வந்தது காரணகாரியம், ஒத்துக்கொள்றன். ஆனா அந்தச் செக்கனில மேகம் விலகினது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் விடவில்லை. மேகத்தை மட்டும் தற்செயல் என்று அடைப்புக்குள் போட்டு, மிச்சத்துக்கு நூற்றுக்கு எழுபது புள்ளி போட்டுவிட்டுப் போனார். பரீட்சைத் தாளில் அவர் அவ்வளவு போட்டு நாங்கள் யாரும் கண்டதில்லை.

லிலியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கதைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் ஊரில் லிலிகள் நிறையப் பேர். கிண்ணியாவில், மூதூரில், சல்லியில், நிலாவெளியில். ஒரே காலையில் புருஷனையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற பெண்கள். அந்த நாட்களில் பெரியவர்கள் யாரும் ஆறுதல் வசனம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. “அவளைத் தனிய விடாதேங்கோ” என்பதுதான் எல்லோர் வாயிலும். முறைவைத்துத் துணைக்குப் படுத்தார்கள். என் அம்மாவும் போய்ப் படுத்திருக்கிறார். கிணற்றடிக்குப் போனால் பின்னால் ஒருத்தி போவாள், அறைக் கதவைச் சாத்தினால் தட்டுவார்கள். அப்படித் தட்டித் தட்டிக் காப்பாற்றியவர்களில் ஒருவர் இன்றைக்குத் தையல் கடை வைத்து, எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிற மணப்பெண்களுக்கு சாரி பிளவுஸ் தைக்கிறார். அதனால்தான் லிலி அந்த வெறும் வீட்டுக்குள் தனியே வந்து மேசையில் உட்காருகிறபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. வீட்டுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள், ஆனால் கதவைத் திறக்கமாட்டாள் என்பதை முதல் தடவை தாங்கவே முடியவில்லை. அந்தக் கதவு இரண்டாம் தடவை திறந்தபோது அழுதுவிட்டேன். மோகப் படம், திருட்டுப் படம் என்று வந்த ஒரு படத்தைப் பார்த்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன்.

கடைசியாகத்தான் தாதி நண்பி வாய் திறந்தாள். இரவு வேலை முடிந்து கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய்க்கொண்டே எனக்குக் கோல் எடுத்தாள். அவளுக்கும் லிலிதான் படம். வார்டில் இப்படி வருகிறவர்களைக் கண்டவள் என்பதால், லோர் வெளியே வந்து கதைக்கிற விதத்தில் அவளுக்கு ஒரு குறை இருந்தது. எதிர்காலத்தைச் சொன்னது போதாதாம், முதலில் துப்பாக்கியைக் கையிலிருந்து எடுத்திருக்க வேண்டுமாம், பிறகு ஒரு தேத்தண்ணி கொடுத்துப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டுமாம். சரிதான், வேலை தெரிந்தவள் சொல்கிறாள்.

நான் உற்சாகத்தில், “பாத்தியா, ஒரு உயிரைக் காப்பாத்தினதோட அவள் திருந்திட்டாள்” என்றேன்.

“என்ன புள்ள கதைக்கிறாய்? திருந்தினவள் எண்டு மட்டும் சொல்லாத” என்றாள். “வைரத்தத் திருப்பிக் குடுக்கல்லத்தானே. ஏழு வருசம் கழிச்சும் ரெண்டு பேரும் கஃபேல இருந்து காசக் கணக்குப் பாத்துக்கிட்டுத்தானே இருக்காளுகள்.”

உண்மைதான். அவள் சொல்லும்வரை நாங்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கேட்ட பிறகு படம் எனக்கு இன்னும் பிடித்துவிட்டது. லோரை நல்லவளாக்கி, நகையைப் பொலிசில் ஒப்படைக்கவைத்து முடித்திருந்தால் அது வேறு யாருடைய கதையோ. இவள் திருடிதான், கடைசிவரை திருடிதான், அந்தத் திருடிதான் கதவைத் திறந்தாள். நண்பியிடம் இதைச் சொன்னேன். “அது எனக்கும் பிடிச்சிருக்கு” என்றாள். ஆனால் வெரோனிக்காவுக்குப் பாதிப் பங்காவது ஒழுங்காகப் போயிருக்குமா என்பதில் அவளுக்கு இன்னும் சந்தேகம்.